அலூஷியன்: நிறத்தின் பெயரா, நோயின் பெயரா?

கால்நடை மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மிங்க் பண்ணை நோய்கள் பற்றிய அவருடைய பாடக்குறிப்பில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் தொற்றுநோய்கள், வலப்பக்கம் பரம்பரை நோய்கள். 'அலூஷியன்' என்ற சொல் இரண்டு பக்கமும் வருகிறது. "இது அச்சுப்பிழையா? இதுவும் பார்வோ வைரஸ்தானே, நாய்க்குப் பார்வோ தடுப்பூசி இருக்கும்போது இதற்கு ஏன் இல்லை? 2020-ல் டென்மார்க்கில் எதற்காக அத்தனை மிங்க்கையும் கொன்றார்கள்?"

அச்சுப்பிழை இல்லை. தப்பு, அட்டவணையின் நடுவில் இழுத்த கோட்டில் இருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க டென்மார்க்கில் மிங்க் ரத்த மாதிரிகளோடு உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பிராணி. மிங்க் என்றதும் கீரிக்குச் சொந்தம் என்று நினைப்போம். அப்படி இல்லை, காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயின் குடும்பம் அது. பூர்வீகம் வட அமெரிக்கா. ஆற்றோரம், ஏரியோரம் தனியாகத் திரியும் மாமிச பட்சிணி. தன் இனத்தில் இன்னொன்று தன் எல்லைக்குள் வந்தாலே பொறுக்காது. அப்படிப்பட்டதை மயிர்த்தோலுக்காக நீளமான கொட்டகைகளில், கம்பிக்கூண்டுகளில், பக்கம் பக்கமாக ஆயிரக்கணக்கில் வைத்து வளர்க்கிறார்கள். மார்ச்சில் இணை சேர்ப்பு, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ குட்டி, நவம்பர் பிறந்தால் தோல் உரிப்பு. தீனி என்பது மீன் கழிவும் கோழிக் கழிவும் தானியமும் சேர்த்து அரைத்த கூழ். கூண்டின் மேல் கம்பியிலேயே உருண்டையாக அப்பிவிட்டுப் போவார்கள். கம்பி வழியாக நக்கித் தின்னும். தீனி, மூச்சு, எச்சில், எச்சம் எல்லாமே கொட்டகைக்குப் பொது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். காட்டு மிங்க் கரும்பழுப்பு. 1930-கள் தொடங்கி அமெரிக்கப் பண்ணைகளில் புதுப்புது நிறங்களில் குட்டிகள் பிறக்க ஆரம்பித்தன. அபூர்வ நிறத்துக்கு விலை அதிகம். அதனால் அந்தக் குட்டிகளைத் தனியே எடுத்து, நெருங்கிய உறவிலேயே இணைசேர்த்து, நிறத்தை நிலைநிறுத்தினார்கள். 1941-ல் ஆரிகன் மாநிலத்தில் துப்பாக்கிக் குழாய்போல நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு வகை தோன்றியது. அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் நீல நரியைப் போல இருந்ததால் 'அலூஷியன்' என்று பெயர். ஒடுங்கு மரபணு அது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நிறம் தெரியும். பிறகு அதோடு சில்வர்ப்ளூ நிறத்தின் ஒடுங்கு மரபணுவையும் சேர்த்து 'சஃபையர்' என்ற வெளிர்நீல வகையை உண்டாக்கினார்கள். அந்தக் காலத்தில் கொள்ளை விலை போன நிறம்.

அந்த அழகான நீலம் எப்படி வருகிறது? மயிருக்கு நிறம் தரும் மெலனின், சிறுசிறு மணிகளாக மயிர் முழுக்கச் சீராகப் பரவியிருக்க வேண்டும். அலூஷியன் வகையில் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கட்டிகளாகிவிடும். கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் கருமை வெளிறி நீலச்சாம்பலாகத் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், இதே மரபணுதான் வெள்ளணுக்களுக்குள் இருக்கும் செரிமானப் பைகளையும் கவனித்துக்கொள்கிறது. அவையும் ராட்சத உருண்டைகளாகத் திரண்டு, விழுங்கிய கிருமியைச் சரியாகச் செரிக்க முடியாமல் போகின்றன. ரத்தம் உறைவதும் மந்தம். மனிதர்களில் இதற்கு செடியாக்–ஹிகாஷி நோய் என்று பெயர். வெளிறிய முடியோடு பிறந்து ஓயாமல் தொற்றுநோயில் விழும் குழந்தைகள். ஆக, விலைச்சீட்டில் நிறம் என்று எழுதியிருந்ததே ஒரு பரம்பரை நோயின் வெளித்தோற்றம்தான். உங்கள் அட்டவணையின் வலப்பக்கத்து அலூஷியன் இதுதான்.

இடப்பக்கத்து அலூஷியன் 1956-ல் எழுத்தில் பதிவாகியது. ஹார்ட்சோ, கோரம் என்ற இருவர் விவரித்தார்கள். நீலநிற மிங்க்குகள் மெலிகின்றன, விடாமல் தண்ணீர் குடிக்கின்றன, வாயில் புண், ஈறில் ரத்தம், தார் போலக் கறுத்த எச்சம், கடைசியில் சாவு. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வீங்கிப் புள்ளி புள்ளியாக இருக்கும். நாள்பட்டதென்றால் சுருங்கிக் கரடுமுரடாக இருக்கும். நீலநிறத்தில் அதிகம் கண்டதால் நிறத்தின் பெயரே நோய்க்கும் வந்துவிட்டது. அதுவும் பரம்பரைக் கோளாறு என்றுதான் தொடக்கத்தில் சந்தேகப்பட்டார்கள். பிறகுதான் பழுப்பு மிங்க்குகளுக்கும் வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்று தெரிந்து, பின்னால் அது ஒரு பார்வோ வைரஸ் என்று பிடிபட்டது.

இரண்டு அலூஷியனும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ஆய்வகங்களில் புல்மன் என்ற வைரஸ் வகையையும் யூட்டா-1 என்ற வகையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். புல்மன் வகை, இரண்டு அலூஷியன் மரபணு உள்ள நீல மிங்க்கைக் கொல்லும். பழுப்பு மிங்க்கில் அதே வைரஸ் பெரும்பாலும் நோயாகவே மாறாது. யூட்டா-1 நிறம் பார்க்காமல் இரண்டையும் கொல்லும். இப்போது புல்மன் வைரஸால் செத்த ஒரு சஃபையர் மிங்க் உங்கள் மேசையில் கிடக்கிறது. இறப்புக் காரணம் தொற்றா, பரம்பரையா? எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

இரண்டாவது கேள்வி, தடுப்பூசி. இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் (நோயியல்காரர்களுக்கு இப்படியெல்லாம் பிடிக்கும், மன்னித்துவிடுங்கள்). நாய்ப் பார்வோவில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) உருவானால் அது வைரஸைப் பிடித்து முடக்கும், நாய் பிழைக்கும். அலூஷியன் வைரஸ் விஷயத்தில் எதிர்ப்பொருள் ஏராளமாக உருவாகிறது. ரத்தத்தில் காமா குளோபுலின், அதாவது எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதத் தொகுதி, மலைபோல ஏறும். ஆனால் அது வைரஸை முடக்குவதில்லை. ஒட்டிக்கொள்ள மட்டும் செய்கிறது. ஒட்டிய வைரஸை உடலின் விழுங்கணுக்கள் இன்னும் சுலபமாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வைரஸுக்கு வேண்டிய வீடே அந்த அணுதான். கிருமியைப் பிடிக்கப்போன காவலரே கதவைத் திறந்துவிட்ட கதை. மிச்சமிருக்கும் வைரஸ்–எதிர்ப்பொருள் கூட்டுகள் ரத்தத்தில் சுற்றி, சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் தமனிச் சுவர்களிலும் போய்ப் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. மிங்க்கைக் கொல்வது பெரும்பாலும் அதன் சொந்த எதிர்ப்புச் சக்தி. செயலிழக்கச் செய்த வைரஸை வைத்துத் தடுப்பூசி முயன்று பார்த்தார்கள். தடுப்பூசி போட்டவற்றுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது. அத்தோடு அந்த வழி அடைபட்டது.

இதிலும் ஒரு விசித்திரம். பிறந்த சில நாள் குட்டிக்கு இதே வைரஸ் வேறு நோயைத் தருகிறது. நுரையீரலின் காற்றுப்பைகளை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பைச் சுரக்கும் அணுக்களில் அது பெருகும். குட்டி மூச்சுக்குத் தவித்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். தாய்க்கு எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் ஈற்றே கிட்டத்தட்ட மொத்தமாகப் போகலாம். தாயிடமிருந்து எதிர்ப்பொருள் கிடைத்த குட்டி இந்த நிமோனியாவிலிருந்து தப்பிக்கும், பிறகு தன் உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள் வழியாக மெல்ல மெல்லச் சிறுநீரக நோயில் விழும்.

தடுப்பூசி இல்லையென்றால் என்ன வழி? கண்டுபிடி, கொல். பழைய முறை அயோடின் சோதனை. ஒரு சொட்டுச் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சொட்டு அயோடினையும் கண்ணாடித் தகட்டில் கலந்தால், காமா குளோபுலின் எகிறியிருக்கும் விலங்கின் சீரம் பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாகத் திரளும். பால் திரிந்த மாதிரி. மலிவு, வேகம். ஆனால் நோய் முற்றியதைத்தான் காட்டும், வேறு காரணத்தால் குளோபுலின் ஏறினாலும் திரளும். 1970-களில் மின்னோட்ட முறை வந்தது. அதைத்தான் நான் பார்த்தேன்.

பண்ணையில் ஒருவர் முழங்கைவரை தடித்த தோல் கையுறை மாட்டிக்கொண்டு மிங்க்கைக் கழுத்தோடு பிடிப்பார். அது போடும் கீச்சல் ஒருபுறம், வால் அடியிலிருந்து கிளம்பும் கஸ்தூரி நாற்றம் ஒருபுறம். இன்னொருவர் பின்னங்கால் நகம் ஒன்றைச் சதை தொடும்வரை வெட்டுவார். கசியும் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, கூண்டு எண் போட்ட தட்டில் குத்திவைப்பார். ஒரு விலங்குக்குச் சில வினாடி. ஆய்வகத்தில் அந்தச் சீரத்தை அகரோஸ் கூழ்த் தகட்டின் ஒரு குழியிலும் வைரஸ் புரதத்தை எதிர்க்குழியிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். எதிர்ப்பொருள் இருந்தால் நடுவே முடி அளவில் ஒரு வெள்ளைக் கோடு விழும். விளக்கின்மேல் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, கோடு இருக்கிறதா இல்லையா என்று எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கோடு விழுந்த எண்ணுக்கு அடுத்த இணைசேர்ப்புக் காலம் கிடையாது. முதல் வாரம் கனவிலும் எனக்கு வெள்ளைக் கோடுகள்தான்.

இந்த முறையால் டென்மார்க் நோயைப் பெரும்பாலான பகுதிகளிலிருந்து விரட்டியது, நாட்டின் வடகோடியான வடக்கு ஜட்லாந்தில் மட்டும் அது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பார்வோ இனத்து வைரஸ்கள் மண்ணிலும் மரப்பலகையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பவை. வெளியே காட்டு மிங்க்குகளிலும் இது இருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் நோய் திரும்பி வரும் கனடாவின் நோவா ஸ்கோஷியா போன்ற இடங்களில் வேறு யோசனை செய்தார்கள். தொற்று இருந்தும் குட்டி போட்டு நன்றாக இருக்கும் விலங்குகளை, எதிர்ப்பொருள் அளவு குறைவாக இருப்பவற்றை, வம்சத்துக்கு வைத்துக்கொள்வது. சகிப்புத்தன்மையும் பரம்பரையாக வருவதுதானே. எழுபது, எண்பது வருஷம் முன்பு நிறத்துக்காகச் செய்த தேர்வின் கெடுதலை, இன்னொரு தேர்வால் சமன்செய்யப் பார்க்கிறார்கள்.

தடுப்பூசிக்குக் கட்டுப்படும் மற்ற நோய்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மிங்க் குடலழற்சி, 1947-ல் கனடாவின் ஃபோர்ட் வில்லியமில் முதலில் கண்டது. இதுவும் பார்வோ, ஆனால் பூனைப் பார்வோவுக்கும் நாய்ப் பார்வோவுக்கும் நெருங்கிய பங்காளி. எச்சத்தில் குடல் உறைபோலச் சவ்வுக்குழாய் வரும். இதற்குத் தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது. நாய்களுக்கும் வரும் வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கும், கெட்ட தீனியில் ஊறும் பாக்டீரியா நஞ்சால் வரும் சி வகை பொட்டுலிசத்துக்கும் அப்படியே. இலையுதிர்காலத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா மூக்கில் ரத்தத்தோடு ஒரே இரவில் கொல்லும். நான்கையும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடும் வழக்கம் உண்டு.

டிஸ்டெம்பர் என்றதும் இன்னொரு பொறி. கண்ணில் நீர், இமை ஒட்டல், பாதத்தில் புண், சில வாரக் குட்டிகள் வரிசையாகச் சாவது. பார்த்தவுடன் டிஸ்டெம்பர் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் சில பண்ணைகளில் ஊசி போட்டும் நிற்கவில்லை, சில குடும்பங்களில் மட்டுமே வந்தது. ஆராய்ந்தால், டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் கல்லீரல் நொதி பிறவியிலேயே இல்லை. உடைபடாத டைரோசின் கண்ணின் கருவிழியில் படிகமாகிப் புண்ணாகிறது. 'போலி டிஸ்டெம்பர்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மனிதர்களிலும் இதே குறைபாடு உண்டு, கண்ணும் உள்ளங்கையும் உள்ளங்காலும் புண்ணாகும். தொற்று என்று ஊசியைத் தூக்கும் முன் ஈற்றுப் பதிவேட்டைப் பாருங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த உதாரணத்தைத்தான் சொன்னார்.

நிறத்தோடு சேர்ந்தே வரும் குறைகள் இன்னும் இரண்டு. ஹெட்லண்ட் வெள்ளை மிங்க் பிறவிச் செவிடு. தோலுக்கு நிறம் தரும் அணுக்களே உட்காதிலும் ஒரு வேலை செய்கின்றன, அவை இல்லாததால் காதும் போகிறது. இரண்டாவது, பேஸ்டல் என்ற இளம்பழுப்பு வகை. சில குட்டிகள் தலையைத் திருகிக்கொண்டு சுற்றிச்சுற்றி வரும். பண்ணைக்காரர்கள் 'திருகுக்கழுத்து' என்பார்கள். நீந்தப் பிறந்த விலங்கு, தண்ணீரில் விட்டால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் புரளும். உட்காதில் சமநிலை காட்டும் சுண்ணாம்புத் துகள்கள் உருவாகாததுதான் காரணம். இது மரபணுவால் வரும் குறை. ஆனால் சினையாக இருக்கும் தாய்க்குத் தீனியில் கூடுதல் மாங்கனீசு கொடுத்தால் குட்டிக்குத் துகள்கள் ஒழுங்காக உருவாகின்றன என்று 1970-களில் காட்டினார்கள். மரபணு அப்படியே இருக்கிறது, நோய் மட்டும் இல்லை. பரம்பரை நோய் என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

தீனியால் வந்த மிக மோசமான ஒன்றையும் விட முடியாது. மிங்க் மூளைநோய், மாட்டுக்கு வந்த 'மேட் கவ்' நோயின் ஜாதி. 1947-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடங்கிச் சில முறைதான் வந்திருக்கிறது. 1985-ல் அதே மாநிலத்தின் ஸ்டெட்சன்வில் ஊரில் ஒரு பண்ணையில் 7,300 பெரிய மிங்க்குகளில் சுமார் 60 சதவீதம் செத்தன. அறிகுறிகளைப் படித்தால் மறக்காது: எப்போதும் ஒரே மூலையில் எச்சமிடும் சுத்தமான பிராணி கூண்டெல்லாம் அசிங்கப்படுத்தும், வாலை அணில்போல முதுகின்மேல் மடித்துக்கொள்ளும், பின்னங்கால் தடுமாறும், கடைசியில் கூண்டுக் கம்பியைக் கடித்தபடியே விறைத்துக் கிடக்கும். இதே ஜாதி மூளைநோய் செம்மறி ஆட்டுக்கும் வரும், ஆனால் அந்தப் பண்ணைக்காரர் ஆட்டுக்கறி கொடுத்ததே இல்லை, எழமுடியாமல் விழுந்த பால்மாடுகளைத்தான் பெரும்பாலும் அரைத்துக் கொடுத்திருந்தார். ரிச்சர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் அந்த மிங்க் மூளையை இரண்டு காளைக்கன்றுகளுக்குச் செலுத்தினார். பதினெட்டு, பத்தொன்பது மாதத்தில் அவை நோயில் விழுந்தன. விழுந்த மாடுகள் எல்லாம் கால்சியக் குறைவால் விழுந்தவை அல்ல என்று அவர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். இதில் கிருமி என்று ஏதும் இல்லை, விலங்கின் சொந்த மரபணு தயாரிக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து மற்றவற்றையும் மடிக்கிறது. உங்கள் அட்டவணைக்கு இது இன்னொரு தலைவலி.

கடைசிக் கேள்வி, டென்மார்க். மிங்க்கின் மூச்சுக்குழாய் அணுக்களில் மனிதச் சுவாச வைரஸ்கள் ஏறக்கூடிய கொக்கிகள் நிறைய. 1984-லேயே தெற்கு ஸ்வீடனில் ஒரு பறவைக் காய்ச்சல் வகை 33 பண்ணைகளுக்குப் பரவியது. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு பண்ணையில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை புகுந்து, 52,000-க்குச் சற்றுக் குறைவான மிங்க்குகளை அழித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கோவிட். 2020 ஏப்ரலில் நெதர்லாந்தின் வடக்குப் பிராபாந்த்தில் இரண்டு பண்ணைகள், ஜூனில் டென்மார்க்கின் வடக்கு ஜட்லாந்து. வேலையாளிடமிருந்து மிங்க்குக்குப் போய், கொட்டகை முழுக்கச் சுற்றி, மிங்க்கிலிருந்து மனிதருக்கே திரும்பியது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் வைரஸின் மரபணு வரிசையை வைத்து நிரூபித்தார்கள்.

ஆயிரம் ஆயிரமாகத் தாவும்போது வைரஸ் மாறாமல் இருக்குமா? அணுவைப் பற்றிக்கொள்ள அது வைத்திருக்கும் முள் புரதத்தில் மிங்க்குக்கு வசதியான ஒரு மாற்றம் நிலைத்தது. அதோடு இன்னும் சில மாற்றங்கள் சேர்ந்த 'கிளஸ்டர் 5' என்ற வகை, வடக்கு ஜட்லாந்தில் 12 பேரிடம் கிடைத்தது. அப்போது டென்மார்க்கில் எந்தக் கோவிட் தடுப்பூசியும் புழக்கத்துக்கு வரவில்லை. வரப்போவது இந்த வகைக்கு எடுபடாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். 200-க்கு மேற்பட்ட பண்ணைகளில் தொற்று உறுதியாகியிருந்த நிலையில், நவம்பர் 4-ம் தேதி பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் நாட்டிலுள்ள எல்லா மிங்க்கையும் கொல்ல வேண்டும் என்று அறிவித்தார். ஒன்றரைக் கோடிக்கு மேல். உயிரியலாகப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நடத்திய விதம் அலங்கோலம். தொற்று உள்ள பண்ணைகளையும் அவற்றைச் சுற்றிய வட்டத்தையும் அழிக்கத்தான் அரசுக்குச் சட்டம் இருந்தது, ஆரோக்கியமான பண்ணைகளைத் தொட அதிகாரமே இல்லை. இது வெளிவந்ததும் வேளாண் அமைச்சர் மொகென்ஸ் யென்சன் பதவி விலகினார். அதே மாதம், கிளஸ்டர் 5 செப்டம்பருக்குப் பிறகு எங்கும் தென்படவில்லை, அநேகமாக அழிந்துவிட்டது என்றும் அறிவிப்பு வந்தது.

கொன்றவற்றில் பல லட்சத்தை ஜட்லாந்தின் ராணுவ நிலத்தில் ஆழமில்லாத குழிகளில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மணற்பாங்கான பூமி. சில நாளில் உடல்கள் வாயு கட்டி உப்பி, மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. நிலத்தடி நீர் கெடும் என்ற புகாரும் சேர்ந்துகொள்ள, 2021 கோடையில் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, எரிஉலைகளுக்கு லாரியில் ஏற்றினார்கள்.